இரண்டு விரல் தள்ளிப் போட்ட கோடு

எங்கள் தெருவில் எது உடைந்தாலும் முதலில் வரும் கேள்வி ‘யாரு?’ என்பதுதான். பக்கத்து வீட்டு நர்ஸம்மா மட்டும் ‘எப்ப?’ என்று கேட்பார்.

ஒருநாள் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று அவர் வீட்டு கேட் தூணை இடித்துவிட்டுப் போய்விட்டது. தெருவே கூடிவிட்டது. எந்த ஊர் டிராக்டர், யார் ஓட்டியது, யார் பார்த்தது என்று ஆளாளுக்குத் துப்புத் துலக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் வாயில் பிரஷ்ஷோடு வந்து பார்த்தார். "எப்ப இடிஞ்சுச்சு? இப்பத்தானா? அப்ப மேல் கல்லு இன்னும் விழுகும். எல்லாரும் அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போய்விட்டார். மூன்று நாள் கழித்து டிராக்டர்க்காரரே வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "காப்பியக் குடிங்க மொதல்ல. அந்த வளைவுல எல்லாருக்குமே எடஞ்சல்தான்" என்றார் நர்ஸம்மா.

என் மாமியாருக்கு இது பொறுக்கவில்லை. "என்னடி பொம்பள இது! வீட்டுக்குள்ள திருடன் வந்தாக்கூட, எப்பய்யா வந்தே, சாப்புட்டியான்னு கேக்கும்போல."

அவரோடு எட்டு வருஷம் சுவரை ஒட்டிய வீட்டில் இருந்தேன். அவரை எனக்குத் தெரியும் என்று சொல்லலாமா என்று இப்போது யோசனையாக இருக்கிறது. இலுப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் கிராம நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கிறிஸ்தவர். கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரம் பங்குனி வெயிலில் வெளிறிப் போகும்வரை அவர் வாசலில் தொங்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மீமிசலில் ஒரு தங்கை இருந்தார். மாதம் ஒருமுறை அங்கே போய்வருவார். வரும்போது கார் டிக்கியில் கருவாட்டு வாசனையும் வரும்.

அந்தக் கார்தான் எங்கள் பழக்கத்துக்குக் காரணம். பழைய பெட்ரோல் அம்பாசிடர். ஓய்வு பெற்ற கையோடு பொன்னமராவதியில் ஒரு அரிசி மில்காரரிடம் வாங்கியது. சுகாதாரத் துறை ஜீப்பில் இருபது வருஷம் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனவர் என்பதால், வழியில் வண்டி நின்ற இடங்களிலெல்லாம் இறங்கி வேடிக்கை பார்த்தே வேலை படித்திருந்தார். கடைத்தெரு மெக்கானிக் கேலி செய்வார்: "நர்ஸம்மா, வண்டிக்குக் காச்சலா? எங்கிட்டக் கொண்டாராதீங்க, நமக்கு ஊசி போடத் தெரியாது." அவர் பதிலுக்கு, "ஒனக்கு ஸ்பேனரே பிடிக்கத் தெரியாதேய்யா, ஊசி எங்க போடப்போற" என்பார்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை காலையில், அந்தக் காருக்கு டைமிங் வைப்பார். எனக்கு விளங்கிய அளவுக்குச் சொல்கிறேன். என்ஜினுக்குள் பெட்ரோல் பற்றிக்கொள்ள ஒரு பொறி வேண்டும். அந்தப் பொறி சரியான கணத்தில் வரவேண்டும். பிந்தினால் வண்டிக்கு இழுவை இருக்காது. ரொம்ப முந்தினால் என்ஜின் திருப்பி அடிக்கும். அந்தக் கணத்தைக் கண்டுபிடிக்க, என்ஜினின் முன்பக்கம் கீழே இருக்கிற புல்லியில் ஒரு அடையாளம் உண்டு. அது மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளுக்கு நேராக வரும்வரை என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றவேண்டும். பிறகு, பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை இடமும் வலமுமாக மயிரிழை மயிரிழையாகத் திருப்பவேண்டும். அதிலிருந்து ஒரு வயரை இழுத்துச் சின்ன பல்பு ஒன்றில் கட்டியிருப்பார். பல்பு பளிச்சென்று எரிகிற இடம்தான் சரியான இடம்.

வெயிலில் பல்பு எரிவது தெரியாது. அதனால் அதை என் உள்ளங்கையில் வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். "எரியுது" என்று சொல்வது மட்டும்தான் என் வேலை. அதையும் மெதுவாகத்தான் சொல்வேன். என் பேச்சு எனக்கே கேட்காது என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், கணவர் குவைத்தில், மாமியாரோடு நாள் முழுக்க வீட்டில் இருப்பவள். என்னை ஒரு வேலைக்குக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். "ஏத்தா, பல்பு பாக்க வர்றியா?" என்று சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டால், அடுப்பில் இருப்பதைச் சிம்மில் வைத்துவிட்டு ஓடுவேன்.

"அந்தம்மா பானெட்டுக்குள்ள தலைய விட்டா மத்தியானச் சோத்துக்குத்தான் எடுக்கும். நீ எதுக்குடி கூட நிக்கிற, மின்மினிப்பூச்சி பிடிக்கிறவ கணக்கா?" என்பார் மாமியார்.

அவர் அந்த ‘யாரு’வைக் கேட்காமல் விட்டதில் ஒருமுறை எனக்குக் கோபமே வந்திருக்கிறது. நான்காவது வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் ஒருநாள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோய் வந்து நின்றாள். நானும் அப்போது அங்கே இருந்தேன். "எண்ணெயா, சுடுதண்ணியா? எப்பம்மா பட்டுச்சு?" என்று மட்டும் கேட்டார். குழாயைத் திறந்து வெகுநேரம் தண்ணீரில் காட்டவைத்து, மருந்து தடவி, துணி சுற்றி, "நாளைக்கு மறுபடி வா. கட்டாயம் வரணும்" என்று அனுப்பினார். அவள் போனபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"யாரு பண்ணதுன்னு கேக்கலையே நீங்க?"

"கேட்டா என்ன சொல்லும்? தானா ஊத்திக்கிட்டேன்னு சொல்லும். பொய் சொன்ன வீட்டுக்கு மறுநா எப்படி வரும்? எனக்கு அது நாளைக்கு வரணும், அவ்வளவுதான்."

அவள் வந்தாள். மூன்று தடவை வந்தாள். நான்காவது தடவை வரவில்லை. அந்தக் குடும்பமே வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டது. அவளுக்கு நல்லதாயிற்றா, கெட்டதாயிற்றா என்று எனக்குத் தெரியாது. நர்ஸம்மா செய்தது சரியா என்பதும் தெரியாது. அவர் சொன்னது மட்டும் மனதில் நின்றுவிட்டது. அதே கணக்கு ஒருநாள் எனக்கும் வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். எங்கள் வீட்டில் கிரைண்டர், தையல் மிஷின், ஓட்ட ஆளில்லாமல் நிற்கும் கணவரின் பைக், எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பேன். நர்ஸம்மா காருக்கும் வருஷா வருஷம் நான்தான் பொட்டு வைப்பது. அவரே கேட்டு வைக்கச் சொல்வார். "வையி, வையி. நெத்தி காலியா இருந்தா அதுவும் பாவம்தான?" அன்று அவர் காலைப் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போயிருந்தார். கார் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. வந்து பார்த்தால் அசந்துபோகட்டும் என்று நான் பானெட்டையே திறந்துவிட்டேன். மண்ணெண்ணெய்த் துணியை வைத்து என்ஜினை மேலிருந்து கீழே துடைத்துக்கொண்டே போனேன். கையை விட்டுப் புல்லியையும் ஒரு சுற்றுத் துடைத்தேன். துணியை வெளியே எடுத்தால் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

சுண்ணாம்பு. டைமிங் வைக்க அவர் புல்லியின் விளிம்பில் போட்டு வைத்திருந்த கோடு அது. நிஜமான அடையாளம் எண்ணெய்ப் பிசுக்கில் மூழ்கிக் கிடந்ததால், அதன்மேல் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார்.

அந்த இடத்திலேயே நின்று, அவர் வந்ததும் ‘அழிச்சுட்டேன் நர்ஸம்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் திட்டுகிறவரே அல்ல. எனக்கு ஏன் வாய் வரவில்லை? பல்பு பார்க்க இனிமேல் கூப்பிடமாட்டாரோ என்று பயந்தேனோ என்னவோ. மாமியாரின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். பல்போடு நான் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்று நினைவுபடுத்திப் பார்த்தேன். விசிறியின் வளைந்த இலைக்கு நேர் கீழே கோடு வரும் என்று ஞாபகம். விசிறியைத் திருப்பி அந்த இலையை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து, அதற்கு நேராகப் புல்லியில் கோட்டை இழுத்துவிட்டேன். விசிறியும் புல்லியும் ஒரே கணக்கில் சுற்றுவதில்லை என்பது எனக்குத் தெரியாது. பிறகு மேலே சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கும்பிட்டுவிட்டும் வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை சுவருக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார். மறுநாள் மீமிசலுக்குப் போகவேண்டும், வண்டி மேட்டில் திணறுகிறது என்றார். டார்ச் அடித்துப் புல்லியைப் பார்த்தார்.

"கோடு இன்னைக்கு நல்லாத் தெரியுதே" என்றார்.

நான் முந்தானைக்குள் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினார். பல்பு எரியவில்லை. இன்னும் திருப்பினார். எரியவில்லை.

"என்னத்தா இது, இன்னைக்கு இவ்வளவு தூரம் போகுது? எப்பயும் ஒரு நூலு திருப்புனாப் போதுமே." கையை எடுத்துவிட்டு நின்றார். என் பக்கம் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். நான் நிமிரவில்லை. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. மறுபடி குனிந்து திருப்பினார்.

"எரியுது" என்றேன்.

பேட்டரி வீக். முன்பக்கம் ஓட்டையில் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ணுவார். முதல் சுற்றிலேயே ஹேண்டில் அவர் கையை எதிர்த்துப் பின்னால் பாய்ந்தது. அவர் பம்பரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். வலது மணிக்கட்டு வேறு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"மணி என்னத்தா?"

உள்ளே ஓடிப் பார்த்துவிட்டு வந்து, பத்து இருபது என்றேன்.

"ஞாபகம் வச்சுக்க. கட்டுப் போடுறவுக கேப்பாக. ஆட்டோவக் கூப்புடு. அழுகாத, ஒனக்கு ஒண்ணும் ஆகலையே?"

புதுக்கோட்டையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஒன்றரை மாதம் நான்தான் அவருக்குத் தலை சீவி, துணி துவைத்து, சோறு பிசைந்து வைத்தேன். மாமியார்கூட எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போவேன். ஒருநாள் சீப்பை எடுத்துக்கொண்டே, "நர்ஸம்மா, அன்னைக்கு..." என்று தொடங்கினேன்.

"அன்னைக்கு வச்ச வத்தக்கொழம்பு நல்லா இருந்துச்சு. இருக்கா இன்னும்?" என்றார்.

வற்றல் குழம்பு வைத்தது உண்மைதான். நான் அதைத்தான் சொல்ல வருகிறேன் என்று நினைத்தாரா? சொல்லவேண்டாம் என்று அடைத்தாரா? என்னை வேலை வாங்குவதில் அவர் கூச்சப்படவே இல்லை என்பதும் உறுத்தியது. ‘இன்னும் கொஞ்சம் எண்ணெ வையி’, ‘அந்தச் சேலைய ரெண்டு தண்ணியில அலசு’ என்பார். தெரிந்துதான் செய்யச் சொல்கிறாரோ என்று தோன்றும். மறுநிமிஷமே, சொந்தத் தங்கச்சியிடம் சொல்வதுபோல்தானே சொல்கிறார் என்றும் தோன்றும்.

கட்டைப் பிரித்தபிறகும் கை பழையபடி ஆகவில்லை. உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்ப முடியாது. மாத்திரையைக் கொடுத்தால், "மேச மேல வையி" என்பார். தெருவில் இரண்டு பெரியவர்களுக்குத் தினமும் டாக்டர் சீட்டுப்படி சர்க்கரை ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அதை நிறுத்திவிட்டார். அவர்கள் பஸ் பிடித்துப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்களைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் நான் சந்துக்குள் திரும்பிவிடுவேன்.

போன வருஷம் மீமிசலில் அவர் இறந்துபோனார். கடைசி ஐந்து வருஷம் தங்கை வீட்டில்தான் இருந்தார். துக்கத்துக்குப் போயிருந்தேன். அந்தத் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானா அந்த இலுப்பூர்ப் பொண்ணு? அக்கா அடிக்கடி சொல்லும். அந்தப் பொண்ணு இழுத்த கோடு அப்படி ஒரு அழகா இருக்கும்னு சொல்லும்" என்றார். வாசலில் நான் போடும் கோலத்தைச் சொன்னாரா? புல்லியில் போட்டதைச் சொன்னாரா? கேட்டிருந்தால் அந்த அம்மா சொல்லியிருப்பார். நானும் கேட்காமல்தான் பஸ் ஏறினேன்.

ஆனால் நான் சொல்லவே இல்லை என்று இல்லை. சொன்னேன். அதைச் சொன்ன நாளில் நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட விளங்காமல் இருக்கிறது.

கட்டுப் பிரித்து இரண்டு வாரம் இருக்கும். "ஏத்தா, பல்பு பாக்க வர்றியா?" என்று குரல் கேட்டது. போனேன். அவர் ஏற்கெனவே இடது கையில் ஒரு பழைய பிளேடை வைத்துக்கொண்டு, புல்லியின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிசுக்கு சுருள் சுருளாக வந்தது. என்ஜினைக் கொஞ்சம் சுற்றினார், சுரண்டினார், மறுபடி சுற்றினார். கடைசியில் இரும்பில் ஒரு சின்ன வெட்டு தெரிந்தது. அதுதான் நிஜமான அடையாளம். அதற்குப் பக்கத்தில், என் சுண்ணாம்புக் கோடு.

இரண்டுக்கும் நடுவில் தன் இடது கை விரல்களை வைத்து அளந்தார். சரியாக இரண்டு விரல்.

"ரெண்டு வெரலு" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் கோட்டைத் துடைத்தார். பிறகு, "ஒங்கிட்ட நகப்பாலீஷ் இருந்தா எடுத்துட்டு வா. அழியாத கலரா" என்றார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை.

"நீயே போடு. எங்கையிதான் நிக்க மாட்டேங்குதே."

அந்த வெட்டின்மேல் சிவப்புக் கோட்டை இழுத்தேன். அவர் மேலிருந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். காயும்வரை அதை ஊதிக்கொண்டிருந்தேன். அப்புறம் வழக்கம்போல் நான் முந்தானைக்குள் பல்பைப் பார்த்தேன், அவர் இடது கையால் திருப்பினார், நான் "எரியுது" என்றேன், அவர் போல்ட்டை இறுக்கினார்.

பிறகு ஹேண்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீ சுத்து."

அதைக் கையில் வாங்கியதும் அது எவ்வளவு கனம் என்று தெரிந்தது. ஓட்டையில் செருகினேன். கோடு இப்போதும் தப்பாக இருந்தால் என் கை. அவர் கைக்கு ஈடாகத்தான் கேட்கிறாரா? அல்லது தன்னால் முடியாததால் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுக்கிறாரா? இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. குனிந்தபடியே சொல்லிவிட்டேன்.

"நர்ஸம்மா, அந்தக் கோட்ட அழிச்சது நாந்தான். மாத்திப் போட்டதும் நாந்தான்."

சொன்னேன். என் குரலில் சொன்னேன். எவ்வளவு தூரம் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் எனக்கு இரண்டடி பின்னால் நின்றார்.

"கட்ட வெரலையும் மத்த வெரலோடயே சேத்து வையி" என்றார். "சுத்திப் பிடிக்காத. திருப்பி அடிச்சா வெரலு போயிரும். ம், இப்ப கீழ இருந்து மேல தூக்கு."

தூக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவை ஒரு செருமல். மூன்றாவது தடவை என்ஜின் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. நான் கையை விரித்துப் பார்த்தேன். ஒன்றுமே ஆகவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று அந்த நிமிஷம் நினைத்தேன்.

"ஏறு, ஒரு ரவுண்டு போயிப் பாத்துருவோம்."

முன் சீட்டில் ஏறினேன். ஹேண்டிலைக் கீழே வைக்கத் தோன்றாமல் மடியிலேயே வைத்திருந்தேன். வலது கையை ஸ்டியரிங் மேல் சும்மா சார்த்தி வைத்துக்கொண்டு, இடது கையாலேயே கியரும் போட்டு வளைத்தும் ஓட்டினார். ஊரைத் தாண்டியதும் ஒரு மேடு வரும். பொறி முந்தினால் அந்த மேட்டில் என்ஜின் டக்டக்கென்று தட்டும். அவர் ஆக்ஸிலேட்டரை அழுத்தினார்.

"தட்டுதா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அவசரப்படாத. நல்லாக் கேட்டுச் சொல்லு. நீ சொல்றத வச்சுத்தான் நாளைக்கு மீமிசலுக்குப் போகணும்."

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, காற்றில் முடி பறக்க, மேடு முடியும்வரை கேட்டேன். தட்டவில்லை. உண்மையாகவே தட்டவில்லை.

"இல்ல நர்ஸம்மா" என்றேன். இந்தத் தடவை எனக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் கியரை மாற்றினார்.